மெழுகு பூசிய துணியும் ஒரு துண்டு நிலமும்

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு அபார்ட்மென்ட் மீட்டிங். அம்பத்தூரில் நாங்கள் இருப்பது 16 வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பு. தண்ணித் தொட்டி ஒழுகுது, தூண்களில் கம்பி தெரியுது. ஒரு பில்டர் வந்து, இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டித் தருகிறேன், ஆளுக்கு ஒரு வீடு, மீதி வீடுகள் எனக்கு என்கிறார். முன்பெல்லாம் இதற்கு எல்லா உரிமையாளர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் புதிய அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். பேசினோம் என்ன, கத்தினோம். கடைசியில் முதல் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி கேட்டார்: "இடிச்சுட்டு கட்டுற மூணு வருஷம் நான் எங்கப்பா போறது?" யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம்னு கலைஞ்சுட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது வேறு. "துணி தைச்சுத் தைச்சு உங்கப்பா வாங்கின வீடுடா இது."

பாதி உண்மைதான். அப்பா ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் டெய்லர். நான் பிறந்து வளர்ந்தது அங்கே குவார்ட்டர்ஸில். வேப்பமரம், வரிசை வீடுகள், ஷிப்ட் சங்கு, தமிழும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் கலந்த தெரு. அப்பா ரிடையர் ஆனதும் எல்லா அரசு வேலையிலும் உள்ள வழக்கப்படி குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். யார் மேலும் குறை இல்லை, விதி அது. திருமுல்லைவாயலில் சில வருஷம் வாடகை. பிறகு அப்பாவின் பி.எஃப். பணமும் என் முதல் கம்பெனிச் சம்பளத்தை வைத்துப் போட்ட வங்கிக் கடனும் சேர்ந்துதான் இந்த அம்பத்தூர் வீடு.

துணி ஒரு குடும்பத்துக்கு வீடு வாங்கித் தருமா என்ற கேள்வி அன்று ராத்திரி மண்டைக்குள்ளேயே சுற்றியது. தேடிக்கொண்டே போனபோது நம்ம மெட்ராஸிலேயே மூன்று பதில்கள் கிடைத்தன. ஒன்று 1734ல், ஒன்று 1961ல், ஒன்று 1966ல். மூன்றாவது பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் முதல் இரண்டையும் சொல்லாமல் அதன் அருமை புரியாது.

சின்னத் தறிப் பேட்டை

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயருக்கு 'சின்னத் தறிப் பேட்டை' என்று விளக்கம் சொல்வார்கள். கூவம் ஆறு வளைந்து ஓடும் அந்த இடத்தில் சுங்குராமா என்ற பெரிய வியாபாரியின் தோட்டம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கே தலைமை வணிகராக இருந்தவர் அவர். 1734ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கம்பெனி அந்த இடத்தில் நெசவாளர்களுக்காக ஒரு ஊரையே உண்டாக்கியது. நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் எழுதுவோர், வெளுப்போர், கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று, துணித் தொழிலுக்கும் அந்த ஊரின் வாழ்க்கைக்கும் வேண்டியவர்களைக் குடியமர்த்தினார்கள். வீடு கட்ட முன்பணமும் கொடுத்தார்கள். இன்றும் அங்கே அக்கம்பக்கமாக நிற்கும் ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீசுவரர் கோயில்கள் அந்தக் குடியேற்றத்தின் மிச்சம்.

கம்பெனிக்கு ஏன் இந்த அக்கறை? துணி வேண்டும். தறி தூரத்தில் இருந்தால் துணி வந்து சேரத் தாமதமாகும், வேறு நாட்டுக் கம்பெனிக்காரன் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். தறி கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் கண்காணிக்கலாம். வீடு அங்கே தறிக்காகக் கொடுக்கப்பட்டது. இன்றைய பாஷையில் சொன்னால், ஆபீஸ் பக்கத்திலேயே ஹாஸ்டல்.

அந்தச் சித்திரத் துணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். நாம் 'சீட்டி' என்கிற அந்தத் துணி சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அங்கே உள்ளூர் நெசவாளர்கள் பிழைப்பு கெடுகிறது என்று கொதித்ததில் பிரான்ஸ் 1686ல் அதற்குத் தடையே போட்டது. அப்படி என்ன அதில்? சாயம் போகாது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். பால் கொழுப்பு இருப்பதால் எழுதும் கோடு பரவாது. இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கறுப்பு. படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்கவைத்தால் சிவப்பு. நீலம்தான் சிக்கல். அவுரிச் சாயத்தைத் தூரிகையால் எழுதுவது கடினம், துணியைத் தொட்டியில் முக்கியாக வேண்டும். அப்படியானால் நீலம் வேண்டாத இடங்களை என்ன செய்வது? உருக்கிய மெழுகை அங்கே பூசிவிடுவார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். 1730களில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணித்துண்டு வாங்கி ஒட்டி, படிப்படியாகக் குறிப்பு எழுதிவைத்தார். பாரிஸில் அது இன்னும் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் சிந்தாதிரிப்பேட்டையும் உருவானது.

மெழுகு, தொட்டி, கொதிநீர். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1961

அடுத்தது எங்க ஊர். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதற்குப் பிறகு ஆறேழு வருஷத்தில் ஆவடி ஆளே மாறிப்போனது. 1961ல் ராணுவ உடைத் தொழிற்சாலை. அதே வருஷம் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் அடித்தளம். 1965ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் 1961ல் வந்ததுதான்.

ஆக எங்க பக்கத்து வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வேலை கொடுத்தவர் கொடுத்த குவார்ட்டர்ஸ். இன்னொன்று, வாரியத்திலோ வங்கியிலோ தவணை கட்டி வாங்கிய சொந்த வீடு. முதல் வகையில் பயமில்லாத வாழ்க்கை, ஆனால் 58 அல்லது 60 வயது வரைக்கும்தான். இரண்டாவதில் வீடு நம்முடையது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று நாம் தேர்ந்தெடுக்கவில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெரு முழுக்க அடுப்பு எரியாது. அபார்ட்மென்ட்டில் நாலாம் நாள் வாட்ஸாப்பில் தெரியும். நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டைக்கும் ஆவடி குவார்ட்டர்ஸுக்கும் 200 வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஒன்று வெள்ளைக்காரக் கம்பெனி லாபத்துக்குச் செய்தது, இன்னொன்று சுதந்திர இந்தியா தன் தொழிலாளிக்குச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் ஒன்று: வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூந்தமல்லி ஹைரோட்டில் ஒரு கல்லூரி

அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துக்காரர்கள் சென்ட்ரலுக்குப் போகும்போது பூந்தமல்லி ஹைரோட்டில், பெரியமேட்டில், சிவப்புக் கட்டிடங்களோடு ஒரு வளாகத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850ல் தன் முயற்சியில் தொடங்கி, சில வருஷத்தில் அரசு எடுத்துக்கொண்ட பள்ளி அது. ஆரம்பத்தில் அதன் நோக்கம் கைத்தொழில். 1929ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். நுண்கலைக்கு அவர் காலத்தில்தான் முக்கியத்துவம் வந்தது. அவருக்குப் பின் 1957ல் வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911ல் பிறந்தவர். அதே பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1944லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்.

பணிக்கர் முன்னால் இருந்த பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. பையன்கள் நன்றாக வரைகிறார்கள். படிப்பு முடிந்ததும் என்ன செய்வது? மெட்ராஸில் ஓவியம் வாங்க ஆள் இல்லை. பம்பாய், டெல்லி மாதிரி கேலரிகளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர் ஆகலாம்; ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்துக்கொண்டே பெரிய ஓவியர்கள் ஆனார்கள். ஆனால் எத்தனை பேருக்கு அந்த வேலை கிடைக்கும்? மற்றவர்கள் தூரிகையை மூட்டை கட்டிவைக்க வேண்டியதுதான்.

இன்ஜினியரிங் படித்த எங்களுக்கு இது புரியும். 2001ல் நாங்கள் வெளியே வந்தபோது டாட்காம் சரிந்திருந்தது. கையில் பி.ஈ., வேலை இல்லை. ஒவ்வொருத்தனும் தனித்தனியாக ரெஸ்யூம் எடுத்துக்கொண்டு அலைந்தோம். சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணிக்கரும் அவர் மாணவர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஓவியம் விற்காது, சரி. துணி விற்குமே? பாத்திக் துணி அப்போது மோஸ்தராக வந்துகொண்டிருந்தது. ஜாவாவில் பழைய கலை அது. தாகூர் 1927ல் ஜாவா போய்வந்த பிறகு சாந்திநிகேதனில் அது வேர் பிடித்தது. வேலை முறை எளிதாகத் தோன்றும், ஆனால் பொறுமை வேண்டும். பாரஃபின் மெழுகையும் தேன்மெழுகையும் கலந்து உருக்குவார்கள். பாரஃபின் நொறுங்கும், தேன்மெழுகு வளையும். எது எவ்வளவு என்பதைப் பொறுத்துத் துணியில் விரிசல் கோடுகள் விழும். தூரிகையால் மெழுகு எழுதி, குளிர்ந்த சாயத்தில் முக்க வேண்டும். சூடான சாயம் என்றால் மெழுகே உருகிவிடும். முதலில் வெளிர் நிறம், பிறகு மெழுகு, பிறகு அதைவிட அடர்ந்த நிறம். இப்படி நாலைந்து முறை. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பது.

மெழுகு, தொட்டி, கொதிநீர். பாத்திக் என்ற பெயர்தான் வெளியூர். சோழமண்டலக் கரையில் சீட்டி எழுதினவர்கள் 200 வருஷத்துக்கு முன் செய்த அதே வேலைதான் இது. கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கூவத்துக்கு அந்தப் பக்கம்தான் சிந்தாதிரிப்பேட்டை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் எனக்கு அது புல்லரித்த இடம்.

1960களின் தொடக்கத்தில் இவர்கள் ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். பாத்திக், தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று கைக்கு வந்ததைச் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். இதில் நன்றாக ஓடியது பாத்திக். சேலையாகவும் திரைச்சீலையாகவும் சுவரில் மாட்டும் சித்திரமாகவும் அது மெட்ராஸ் வீடுகளுக்குள் போனது. ஓவியம் வாங்கக் கண்காட்சிக்குப் போகாத குடும்பங்கள் அதே ஓவியர் எழுதிய கோட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்கள். பொதுமக்கள் கலை என்று இப்போது பெரிதாகப் பேசுகிறோம். அது இப்படியும் நடந்திருக்கிறது.

வந்த பணத்தில் செய்தவருக்கு ஒரு பங்கு, பொதுவுக்கு ஒரு பங்கு. அந்தப் பொதுப் பங்கு சேர்ந்து 1966ல் நிலமானது. நகரத்துக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரம். அன்று அது மணலும் சவுக்கும்தான். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த வடிவத்தில் வந்தது 1990களின் கடைசியில். அதுவரை அது ஊருக்கு வெளியே, பிழைக்கத் தெரிந்தவன் போகாத இடம். அதற்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள்.

மணலில் வீடு

முப்பது நாற்பது பேர் சேர்ந்த முயற்சி அது. உறுப்பினர்களுக்கு மனை, பொதுவுக்கு என்று ஒரு பகுதி. வீட்டை அவரவர் வசதிப்படி, கையில் காசு சேரச் சேர, கட்டிக்கொண்டார்கள். பொது இடத்தில் பட்டறை, காட்சிக்கூடம். பிறகு பாரதி பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கம். அங்கே கவிதை வாசிப்பு, இசை, நாடகம் எல்லாம் நடந்தன. 1967ல் ஓய்வுபெற்ற பணிக்கரும் அங்கேயே குடிவந்தார். 1977ல் இறக்கும்வரை அவருடைய கடைசிக்கால ஓவியங்கள் அங்கே உருவானவை.

இந்த ஏற்பாட்டில் என் கண்ணில் பட்டது, அவர்கள் எதைப் பொதுவில் வைத்தார்கள், எதை வைக்கவில்லை என்பதுதான். வீடு அவரவருடையது. சமையல் அவரவருடையது. வரையும் பாணியும் அவரவருடையதுதான்: ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் என்று யாருடைய வேலையும் மற்றவருடையதைப் போல இருக்காது. அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். பொதுவில் வைத்தது விற்பனையையும், அதற்கான இடத்தையும், பட்டறையையும்தான். தனியாளால் முடியாத விஷயங்கள் மட்டும் பொது. இவ்வளவு குறைவாகப் பொதுவில் வைத்ததால்தான் அது நின்றது என்பது என் கணிப்பு. எல்லாவற்றையும் பொதுவாக்கத் தொடங்கிய எத்தனையோ கம்யூன்கள் உலகம் முழுக்க, யார் பாத்திரம் தேய்ப்பது என்ற சண்டையிலேயே மூழ்கியிருக்கின்றன.

ரொம்பப் புகழ்ந்துவிடக் கூடாது. எல்லோரும் அங்கே நிலைக்கவில்லை. அக்கித்தம் நாராயணனும் விஸ்வநாதனும் பாரிஸ் போனார்கள். வாசுதேவ் பின்னாளில் பெங்களூருக்குப் போனார். கே. இராமானுஜம் என்ற அபாரமான ஓவியர், கனவில் வரும் நகரங்களை மையால் வரைந்தவர், மன வேதனைகளோடு அங்கே வாழ்ந்து 1973ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, இறந்துபோனார். பக்கத்தில் நண்பர்கள் இருந்தார்கள், ஒரு கூரை இருந்தது. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. சேர்ந்து வாழ்வது எல்லாவற்றுக்கும் மருந்து என்று எழுத என் கை வரவில்லை.

இன்னொன்று. ஒரே கல்லூரி, ஒரே ஆசிரியரின் வட்டம் என்பதால்தான் அவர்களுக்குள் நம்பிக்கை இருந்தது. அந்தக் கதவு வெளியாளுக்குச் சுலபமாகத் திறந்திருக்காது. இன்றைய ஈ.சி.ஆர். மனை விலையில், பாத்திக் விற்று ஒரு இளம் ஓவியர் அங்கே பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வாங்குவது நடக்கிற காரியமா? மணல்மேட்டை மதிப்புள்ளதாக்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதனாலேயே அடுத்த தலைமுறைக்கு அது எட்டாமல் போனது.

அம்மாவோடு ஒரு ஞாயிறு

போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பைபாஸ் பிடித்து, பல்லாவரம் ரேடியல் ரோடு வழியாக. வெயில் ஏறும் முன் போய்விட்டோம். வாசலில் சிற்பத் தோட்டம், மரநிழல். 2009ல் திறந்த அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ஓவிய இயக்கம் என்று சொல்லப்படும் அந்தத் தலைமுறையின் வேலைகள் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகப் பெயரும் வருஷமும் படித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு சுற்று சுற்றிவந்து கேட்டார்: "துணி எங்கடா?"

நியாயமான கேள்வி. நிலம் வாங்கிக் கொடுத்தது துணி. சுவர் முழுக்க இருப்பது ஓவியம். ஓவியத்துக்கு ஆள் வந்த பிறகு கைவினைப் பொருளுக்கான தேவை குறைந்துவிட்டது. பாத்திக் மாதிரியே அச்சடித்த மலிவுத் துணி கடைகளில் குவிந்தது. அதைவிட, துணி என்பது உடுத்தித் தேய்ந்து கடைசியில் கரித்துணியாகிற பொருள். அடுப்பங்கரையில் பாத்திரம் பிடிக்க எடுத்த அந்தத் துண்டில் யாருடைய கையெழுத்து இருந்தது என்று யார் பார்த்திருப்பார்கள்?

மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். காலேஜ் பசங்க, மெழுகு, துணி விற்றது, நிலம் வாங்கியது. அம்மா எதையோ கணக்குப் போடுகிற மாதிரி சும்மா இருந்தார். பிறகு, "உங்கப்பா தைச்சதுக்குக் கணக்கு போட்டா ஒரு ஊரே வாங்கியிருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு வலி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துச்சு. உன்னை பி.ஈ. படிக்க வெச்சோம். இவங்களுக்கு அந்த நாள்ல ஒண்ணாந்தேதின்னு ஒண்ணு இருந்திருக்குமா?"

அதுவும் உண்மை. அப்பாவின் வழியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. குவார்ட்டர்ஸ் இல்லாமல் என் படிப்பு இல்லை. சிந்தாதிரிப்பேட்டை நெசவாளிக்கு முன்பணக் கடன் இருந்தது. அப்பாவுக்கு பென்ஷன் இருந்தது. அந்த இடைவெளியை வாங்கித் தந்தது தொழிற்சங்கங்களும் சட்டங்களும். ஆனால் வேலை முடிகிற நாளில் வீடும் நட்பும் ஒன்றாக முடிந்துபோகிற அந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. எங்கள் வரிசையில் 12 குடும்பங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஐந்தாறு வருஷத்தில் ரிடையர் ஆனார்கள். எல்லோர் கையிலும் ஓரளவு பணம் வந்தது. பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ அன்றைய விலைக்குச் சேர்ந்து ஒரு இடம் வாங்கியிருந்தால், அந்தத் தெரு அப்படியே இடம் மாறியிருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக புரோக்கரைத் தேடிப் போனோம். அடுத்த வீட்டு மாமி எங்கே போனார் என்று கேட்டால் அம்மாவுக்கு ஏரியா பெயர்தான் தெரியும்.

ஓவியர்களுக்கு நம்மைவிடப் பணம் அதிகம் இருந்ததா? இல்லை. ஒவ்வொரு துணி விற்றபோதும் பொதுப் பங்கை முதலில் எடுத்துவைக்கும் ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான். மெழுகு பூசுவதும் அதே மாதிரி வேலைதான். எந்த இடத்தில் சாயம் ஏறக்கூடாதோ அதை முதலிலேயே மூடிவைக்க வேண்டும். சாயத் தொட்டியில் முக்கிய பிறகு மூடிப் பிரயோஜனமில்லை.

இந்த வாரம் இரண்டாவது மீட்டிங் நடந்தது. நான் பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை. பில்டரிடம் பேரம் பேசுவதற்கு முன் நமக்குள் மூன்று விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றேன். கட்டி முடிக்கும்வரை எல்லா வீட்டுக்கும் மாற்று வாடகை, அதற்கு வங்கி உத்தரவாதம். புதுக் கட்டிடத்தின் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக நமக்கு வரும் தொகையில் முதலிலேயே ஒரு பொது நிதி. மூன்றாவது, பெரும்பான்மை கிடைத்துவிட்டது என்பதற்காக முதல் மாடிப் பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. நாலு பேர் ஆமோதித்தார்கள். இரண்டு பேர், "சார், இதெல்லாம் பார்த்தா பில்டர் ஓடிப்போயிடுவான்" என்றார்கள். ஓடினால் ஓடட்டும் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை, தூண் நிலைமை அப்படி. ஐந்து பேர் கொண்ட குழு போட்டு ஒப்பந்த நகலை வரிவரியாகப் படிப்பது என்று முடிவாகியிருக்கிறது. பாட்டியும் அதில் ஒருவர். கண்ணாடியை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 1960கள், 70களில் மெட்ராஸில் வாங்கிய பாத்திக் சேலையோ திரைச்சீலையோ சுவர்ச் சித்திரமோ உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கக்கூடும். விரிசல் விட்ட மாதிரி மெல்லிய கோடுகள் துணி முழுக்க ஓடினால் அது மெழுகு வேலை. கரித்துணியாக்குவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து, மூலையில் கையெழுத்து ஏதாவது இருக்கிறதா பாருங்கள். யார் வாங்கினார்கள், எங்கே, என்ன விலைக்கு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துவையுங்கள். ஒரு கிராமத்தை வாங்கிய துணியில் ஒரு துண்டு உங்களிடம் இருக்கலாம்.